மெசேஜ் கியூவிலிருந்து செய்தியை எடுப்பது எப்படி? சி மொழி பழகுபவர்களுக்கு

ஒரே கணினியில் ஓடும் இரண்டு நிரல்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொள்ள யுனிக்ஸ், லினக்ஸ் அமைப்புகளில் பல வழிகள் உண்டு: பைப், சாக்கெட், பகிர்வு நினைவகம், மெசேஜ் கியூ (ஒரு நிரல் போடும் செய்திகளை இன்னொரு நிரல் எடுக்கும்வரை வரிசையில் வைத்திருக்கும் ஏற்பாடு). மெசேஜ் கியூவைப் படிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் அனுப்பும் பக்கத்தைச் சுலபமாகத் தாண்டிவிடுகிறார்கள், வாங்கும் பக்கத்தில்தான் தடுமாறுகிறார்கள். அதில் வியப்பில்லை. எந்தச் செய்தி வேண்டும், எவ்வளவு பெரிய செய்திவரை இடம் இருக்கிறது, செய்தி இல்லாவிட்டால் காத்திருப்பதா திரும்பிவிடுவதா என்ற மூன்று முடிவுகளையும் வாங்குபவர் ஒரே அழைப்பில் சொல்லியாக வேண்டும். அந்த மூன்றும் தெளிவாகிவிட்டால் மற்றதெல்லாம் சில்லறை வேலை.

இங்கே நாம் பார்ப்பது சிஸ்டம் ஃபைவ் வகை மெசேஜ் கியூ. பெல் ஆய்வகத்தின் கொலம்பஸ் கிளையில் உருவான ஒரு யுனிக்ஸ் வடிவத்தில் பிறந்து, 1983-இல் வெளிவந்த சிஸ்டம் ஃபைவ் யுனிக்ஸ் வழியாகப் பரவியது. வயதானதுதான். ஆனாலும் பாடத்திட்டங்களிலும் பழைய நிரல்களிலும் இன்றும் அதிகம் கண்ணில் படுவது இதுவே. போசிக்ஸ் (யுனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான பொதுத் தரநிலை) கியூ என்ற இன்னொரு வகையைக் கடைசியில் கொஞ்சம் தொடுவோம்.

கியூ இருப்பது கர்னலுக்குள்

செய்தியை அனுப்பும் நிரலிடமும் கியூ கிடையாது, வாங்கும் நிரலிடமும் கிடையாது. இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல்தான் தன் நினைவகத்தில் அதை வைத்துக் காக்கிறது. இதிலிருந்து சில விஷயங்கள் தாமாகவே புரியும்.

அனுப்பிய நிரல் முடிந்துபோனாலும் அது போட்டுவிட்டுப் போன செய்தி அங்கேயே கிடக்கும். வாங்கும் நிரல் பத்து நிமிடம் கழித்து எழுந்து வந்து எடுத்துக்கொள்ளலாம். யாரும் எடுக்காவிட்டால், யாராவது கியூவை அழிக்கும்வரை அல்லது கணினி மறுபடி தொடங்கும்வரை அது அப்படியே இருக்கும். நேற்று பாதியில் நிறுத்திய நிரலை இன்று ஓட்டினால் முதலில் கைக்கு வருவது நேற்றைய செய்தியாக இருக்கலாம். “நான் இதை அனுப்பவே இல்லையே” என்று திகைக்க வைக்கும் பல சம்பவங்களுக்குப் பின்னால் இருப்பது இதுதான்.

ஒரு செய்தியை ஒருவர் எடுத்துவிட்டால் அது கியூவிலிருந்து போய்விடும். மூன்று நிரல்கள் ஒரே கியூவில் காத்திருந்தாலும் ஒரு செய்தி ஒருவருக்குத்தான் கிடைக்கும். வேலைகளைப் பல நிரல்களுக்குப் பகிர்ந்து கொடுக்க இது நல்ல ஏற்பாடு. எல்லோருக்கும் ஒரே அறிவிப்பைச் சொல்ல வேண்டுமென்றால் இது பயன்படாது.

பைப்போடு ஒப்பிட்டால் இன்னொரு வேறுபாடும் தெரியும். பைப்பில் ஓடுவது வெறும் பைட்டுகள். 10 பைட் ஒருமுறை, 20 பைட் ஒருமுறை என்று எழுதினாலும், படிப்பவர் 30 பைட்டையும் ஒரே மூச்சில் படித்துவிடலாம். எங்கே ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கியது என்று பைப்புக்குத் தெரியாது. மெசேஜ் கியூவில் எல்லை காக்கப்படும். ஒருமுறை அனுப்பியது ஒரு செய்தி. ஒருமுறை எடுத்தால் ஒரு செய்திதான் வரும், இரண்டு ஒட்டிக்கொண்டு வராது.

திறப்பது

இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். இரண்டு நிரல்களும் ஒரே கியூவைக் கண்டுபிடிக்க ஒரு பொதுவான சாவி எண் தேவை. அதை நாமே ஒரு எண்ணாக எழுதலாம். அல்லது எஃப்டோக் என்ற ஃபங்ஷனிடம் ஒரு கோப்பின் பாதையையும் ஒரு சிறிய எண்ணையும் கொடுத்து உருவாக்கலாம். கொடுக்கும் கோப்பு உண்மையிலேயே இருக்க வேண்டும். அந்தக் கோப்பை அழித்துவிட்டு அதே பெயரில் மறுபடி உருவாக்கினால் சாவி மாறிப்போகலாம். ஏனென்றால் எஃப்டோக் பார்ப்பது பெயரை அல்ல, கோப்பின் ஐநோடு எண்ணையும் (கோப்பை அடையாளம் காண அமைப்பு உள்ளுக்குள் வைத்திருக்கும் எண்) அது இருக்கும் சாதனத்தின் எண்ணையும்.

சாவியை எம்எஸ்ஜிகெட் ஃபங்ஷனிடம் கொடுத்தால் கியூவின் அடையாள எண் திரும்பக் கிடைக்கும். இல்லாவிட்டால் உருவாக்கு என்று சொல்ல ஐபிசி_கிரியட் கொடியைச் (ஃபிளாக், அதாவது ஒரு விருப்பத்தைக் குறிக்கும் மதிப்பு) சேர்க்கிறோம். அதோடு 0600 அல்லது 0660 போன்ற அனுமதி எண்ணையும் சேர்க்க மறக்கக் கூடாது. கொடியை மட்டும் எழுதி அனுமதியை விட்டுவிட்டால் யாருக்கும் எந்த உரிமையும் இல்லாத கியூ ஒன்று பிறக்கும். ரூட் பயனராக ஓட்டினாலொழிய, உருவாக்கிய நீங்களே அதில் எதையும் போடவும் முடியாது, எடுக்கவும் முடியாது. செய்தியை எடுக்கப் படிக்கும் அனுமதி வேண்டும், போட எழுதும் அனுமதி வேண்டும்.

செய்தியின் வடிவம்

சி மொழியில் செய்தி ஒரு ஸ்ட்ரக்சர். அதன் முதல் உறுப்பு கட்டாயம் லாங் வகை எண்ணாக இருக்க வேண்டும். இதுதான் செய்தியின் வகை எண். இது 1 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். சுழியமோ எதிர்ம எண்ணோ கொடுத்து அனுப்பினால் கர்னல் ஏற்காது. அதற்குப் பிறகு வருவதெல்லாம் உங்கள் விருப்பம். ஒரு எழுத்து அணி, இரண்டு முழு எண்கள், வேறொரு ஸ்ட்ரக்சர், எதுவானாலும் சரி. கர்னலுக்கு அது வெறும் பைட் குவியல்.

ஒன்றை மட்டும் உள்ளே வைக்காதீர்கள்: பாயிண்டர். செய்தியில் போவது பாயிண்டரில் இருக்கும் முகவரி எண் மட்டுமே. அந்த முகவரி அனுப்பிய நிரலின் நினைவகத்தில்தான் பொருள்படும். வாங்கிய நிரலில் அதே எண் வேறு எதையாவது சுட்டும், அல்லது எதையும் சுட்டாது, நிரல் அந்த இடத்திலேயே விழுந்துவிடும். சரத்தை அனுப்ப வேண்டுமென்றால் எழுத்துகளையே ஸ்ட்ரக்சருக்குள் நகலெடுத்து அனுப்ப வேண்டும்.

எடுக்கும் அழைப்பு

செய்தியை எடுக்கும் ஃபங்ஷனின் பெயர் எம்எஸ்ஜிஆர்சிவி. எம், எஸ், ஜி, ஆர், சி, வி என்ற ஆறு ஆங்கில எழுத்துகளைச் சிறிய எழுத்தில் சேர்த்துத் தட்டச்சு செய்ய வேண்டும். அதற்கு ஐந்து மதிப்புகள் கொடுக்கிறோம்: கியூவின் அடையாள எண், செய்தி வந்து இறங்க வேண்டிய ஸ்ட்ரக்சரின் முகவரி, அளவு, வகை, கொடிகள். முதல் இரண்டில் குழப்பம் எதுவும் இல்லை. அளவு, வகை, கொடிகள் என்ற மூன்றும்தான் தொடக்கத்தில் சொன்ன மூன்று முடிவுகள்.

அளவு: அதிகம் தப்புவது இங்கேதான்

அளவு என்று கொடுப்பது வகை எண்ணை நீக்கிவிட்டு மீதி இருக்கும் தரவுப் பகுதியின் அளவு. முழு ஸ்ட்ரக்சரின் அளவு அல்ல. கையேட்டில் இது தெளிவாகவே இருக்கிறது. ஆனாலும் சைஸ்ஆஃப் போட்டு முழு ஸ்ட்ரக்சரையும் அளந்து கொடுத்துவிடும் பழக்கம் கையை விட்டுப் போவதில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 64 பிட் லினக்ஸில் லாங் 8 பைட். அதற்குப் பின் 100 எழுத்து கொண்ட அணி. கூட்டினால் 108. ஆனால் கம்பைலர் ஸ்ட்ரக்சரின் மொத்த அளவை 8-இன் மடங்காக்க நான்கு பைட் இட்டு நிரப்பி 112 ஆக்கிவிடும். நீங்கள் கொடுக்க வேண்டியது 100. தவறுதலாக 112 கொடுத்தால், “தரவுக்கு 112 பைட் இடம் இருக்கிறது” என்று கர்னலிடம் சொன்னதாக அர்த்தம். தரவு தொடங்குவது எட்டாவது பைட்டுக்கு அப்புறம். அங்கிருந்து 112 பைட் எழுதினால் ஸ்ட்ரக்சரின் முடிவைத் தாண்டி 8 பைட் வெளியே போகும். அங்கே இருந்த வேறு மாறி அழிந்துபோகும்.

இதில் தொல்லை என்னவென்றால், வருகிற செய்திகள் சின்னதாக இருக்கும்வரை எதுவும் ஆகாது. கர்னல் எழுதுவது வந்த செய்தியின் உண்மையான அளவை மட்டும்தான். 20 பைட் செய்தி வந்தால் 20 பைட் எழுதும், அவ்வளவே. சோதனையெல்லாம் ஒழுங்காகப் போகும். என்றோ ஒருநாள் பெரிய செய்தி வரும்போது, இந்த வரிக்குச் சம்பந்தமே இல்லாத ஓரிடத்தில் நிரல் உடையும்.

இன்னும் மோசமான நிலை, அனுப்பும் நிரலும் இதே தவறைச் செய்திருப்பது. அது 112 பைட் அனுப்பும், அதாவது தன் ஸ்ட்ரக்சருக்கு வெளியே இருக்கும் 8 பைட் குப்பையையும் சேர்த்து. இது 112 பைட் வாங்கும். இருவரின் கணக்கும் பொருந்திவிடுவதால் பிழைச்செய்தி எதுவும் வராது, ஒவ்வொரு செய்திக்கும் 8 பைட் வழிந்துகொண்டே இருக்கும். வாங்கும் பக்கத்தை மட்டும் 100 என்று திருத்தினால், அதுவரை ஓடிக்கொண்டிருந்த நிரல் சட்டென்று நின்றுபோகும். திருத்தியவர்மேல் பழி விழும்.

அதனால் தரவுப் பகுதியைத் தனி ஸ்ட்ரக்சராக எழுதி, வகை எண்ணையும் அந்த உள் ஸ்ட்ரக்சரையும் சேர்த்து வெளி ஸ்ட்ரக்சர் செய்துகொள்வது எனக்குப் பிடித்த வழி. அளவு கேட்கும் இடத்தில் உள் ஸ்ட்ரக்சருக்கு சைஸ்ஆஃப் போட்டால் போதும். கழித்தல் கணக்கும் வேண்டாம், இட்டு நிரப்பிய பைட்டுகளைப் பற்றிய கவலையும் வேண்டாம்.

நீங்கள் சொன்ன அளவைவிடப் பெரிய செய்தி கியூவில் இருந்தால்? சாதாரணமாக அழைப்பு தோற்கும். மைனஸ் 1 திரும்பும். கடைசிப் பிழையின் எண்ணை வைத்திருக்கும் எர்நோ என்ற மாறியில் ஈ2பிக் என்ற பிழை இருக்கும். செய்தி கியூவிலேயே தங்கிவிடும். இந்தக் கடைசி விஷயத்தைக் கவனியுங்கள். பிழை வந்தால் மறுபடி முயற்சி செய் என்று ஒரு சுழற்சி எழுதியிருந்தால், அதே பெரிய செய்தி அதே பிழையை முடிவில்லாமல் கொடுத்துக்கொண்டிருக்கும். பின்னால் நிற்கும் செய்திகளை நிரல் எட்டவே முடியாது.

எம்எஸ்ஜி_நோஎரர் என்ற கொடியைச் சேர்த்தால் கர்னல் செய்தியை வெட்டி, கொள்ளுமளவு மட்டும் கொடுக்கும். மீதி போயே போச்சு, திரும்பக் கேட்க முடியாது. வெட்டப்பட்டது என்று ஒரு அறிகுறியும் தராது. தமிழ் உரையை அனுப்புபவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். “நலம்” என்ற சொல்லில் ந, ல, ம, புள்ளி என்று நான்கு குறியீடுகள், மொத்தம் 12 பைட். அதை 10 பைட்டில் வெட்டினால் “நலம” என்பதோடு ஒரு உடைந்த பைட் மிஞ்சும். புள்ளி காணாமல் போகும், திரையில் ஒரு கேள்விக்குறிக் கட்டம் வரும். நான் இந்தக் கொடியைப் பயன்படுத்துவதைத் தவிர்ப்பேன். இரண்டு நிரல்களுக்கும் பொதுவான ஒரு தலைப்புக் கோப்பில் ஸ்ட்ரக்சரை எழுதி வைத்தால் இந்தக் கொடியின் தேவையே வராது.

லினக்ஸில் ஒரு செய்தி எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. வழக்கமான அமைப்பில் ஒரு செய்திக்கு 8192 பைட், ஒரு கியூ மொத்தத்துக்கு 16384 பைட். அதாவது பெரிய செய்தி இரண்டு வந்தாலே கியூ நிரம்பிவிடும். இந்த வரம்புகளைக் கணினி நிர்வாகி மாற்றலாம்.

வகை: கியூ என்று பெயர், ஆனால் நடுவிலிருந்தும் எடுக்கலாம்

சிஸ்டம் ஃபைவ் கியூவின் தனிச்சிறப்பு இது. நான்காவது மதிப்பாக நீங்கள் கொடுக்கும் எண் சுழியமா, நேர்மமா, எதிர்மமா என்பதைப் பொறுத்துக் கர்னல் வேறு வேறு விதமாகத் தேடும்.

கியூவில் வந்த வரிசைப்படி ஆறு செய்திகள் இருக்கின்றன, அவற்றின் வகை எண்கள் 3, 3, 1, 2, 3, 1 என்று வைத்துக்கொள்வோம்.

சுழியம் கொடுத்தால் வகையைப் பார்க்காமல் முதலில் நிற்பது வரும். அதாவது வகை 3 கொண்ட முதல் செய்தி.

2 கொடுத்தால் வகை 2 கொண்ட முதல் செய்தி வரும். அது நான்காவதாக நிற்கிறது. முன்னால் நிற்கும் மூன்றும் இருந்த இடத்திலேயே இருக்கும். 7 கொடுத்தால்? கியூவில் ஆறு செய்திகள் இருந்தும் அழைப்பு காத்திருக்கும், ஏனென்றால் வகை 7 ஒன்றுகூட இல்லை. “கியூவில் செய்தி இருக்கிறது, ஆனால் நிரல் எடுக்காமல் தூங்குகிறது” என்று யாராவது சொன்னால் முதலில் இரண்டு பக்கத்து வகை எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

எதிர்ம எண்தான் சுவையானது. -2 கொடுத்தால், வகை 2 அல்லது அதற்குக் குறைவாக உள்ள செய்திகளில் மிகச் சிறிய வகை எண் கொண்டதில் முதலாவது வரும். நம் எடுத்துக்காட்டில் அது மூன்றாவதாக நிற்கும் வகை 1. தொடர்ந்து -3 கொடுத்து எடுத்துக்கொண்டே போனால் 1, 1, 2, 3, 3, 3 என்ற வரிசையில் வரும். இப்போது கியூ முன்னுரிமைக் கியூவாக மாறிவிட்டது. நிறுத்து என்ற கட்டளைக்கு வகை 1, அவசர வேலைக்கு 2, சாதாரண வேலைக்கு 3 என்று வைத்தால் நிரல் தானாகவே முக்கியமானதை முதலில் கவனிக்கும். ஒரு வரிகூடக் கூடுதலாக எழுத வேண்டியதில்லை.

இதற்கு ஒரு விலை உண்டு. வகை 2 செய்திகள் ஓயாமல் வந்துகொண்டிருந்தால் வகை 3-க்கு முறையே வராது. கர்னல் அதைப் பற்றிக் கவலைப்படாது. அது நடக்கக்கூடிய இடத்தில் எல்லா முறையும் -3 கொடுக்காமல், இடையிடையே சுழியம் கொடுத்து முதலில் நிற்பதை எடுப்பது ஒரு எளிய மருந்து.

லினக்ஸில் எம்எஸ்ஜி_எக்செப்ட் என்ற கொடியும் உண்டு. நேர்ம எண்ணோடு அதைச் சேர்த்தால், அந்த வகையைத் தவிர வேறு எதுவானாலும் கொடு என்று பொருள். வேறு யுனிக்ஸ்களுக்குக் கொண்டுபோக வேண்டிய நிரலில் அதை நம்பாதீர்கள்.

கொடி: காத்திருப்பதா, திரும்புவதா

கொடியாகச் சுழியம் கொடுத்தால், பொருத்தமான செய்தி வரும்வரை அழைப்பு திரும்பாது. இதைப் பார்த்துவிட்டு நிரல் உறைந்துபோனது என்று பயப்பட வேண்டாம். அந்த நேரத்தில் நிரல் தூங்குகிறது, செயலியின் நேரத்தை அது தின்பதில்லை. செய்தி வந்ததும் கர்னல் எழுப்பிவிடும். வேறு வேலை எதுவும் இல்லாத நிரலுக்கு இதுவே சரியான தேர்வு.

ஐபிசி_நோவெயிட் கொடுத்தால் செய்தி இல்லாதபோது உடனே மைனஸ் 1 திரும்பும். எர்நோவில் ஈநோஎம்எஸ்ஜி இருக்கும். இதைப் பிழை என்று எண்ணி நிரலை முடித்துவிடக் கூடாது, “இப்போதைக்கு ஒன்றுமில்லை” என்ற தகவல்தான் அது. ஆனால் இந்தக் கொடியோடு ஒரு வெற்றுச் சுழற்சி எழுதி, செய்தி வந்ததா வந்ததா என்று கேட்டுக்கொண்டே இருந்தால் செயலியின் ஒரு கோர் முழுவதும் அதற்கே போய்விடும். விசிறி சுற்றும் சத்தம் உங்களுக்கே கேட்கும். செய்திக்கும் செய்திக்கும் நடுவே உண்மையிலேயே வேறு வேலை செய்யும் நிரலுக்கு மட்டுமே இது.

“ஐந்து விநாடி காத்திரு, வராவிட்டால் திரும்பு” என்று சொல்ல எம்எஸ்ஜிஆர்சிவியில் வழி இல்லை. பெரிய குறைதான் இது. அலாரம் சிக்னலை (குறித்த நேரத்தில் கர்னல் நிரலுக்கு அனுப்பும் குறுக்கீட்டு அறிவிப்பு) வைத்து இடைமறிப்பது வழக்கமான சுற்றுவழி. ஆனால் அழைப்புக்குள் நுழையும் முன்பே அலாரம் அடித்துவிட்டால் நிரல் காலவரையின்றிக் காத்திருக்கும். பலவற்றை ஒரே நேரத்தில் கவனிக்க உதவும் ‘செலக்ட்’, ‘போல்’ என்ற அழைப்புகளோடும் இந்தக் கியூவைச் சேர்க்க முடியாது, ஏனென்றால் இதன் அடையாள எண் கோப்பு விவரிப்பி (திறந்த கோப்பு, சாக்கெட் போன்றவற்றுக்குக் கர்னல் தரும் எண்) அல்ல. ஒரே நேரத்தில் சாக்கெட்டையும் கியூவையும் கவனிக்க வேண்டிய நிரல் எழுதப் போகிறீர்கள் என்றால், சிஸ்டம் ஃபைவ் கியூவை எடுப்பதற்கு முன்பே இதை யோசித்துவிடுங்கள்.

திரும்பி வருவது

வெற்றி என்றால் தரவுப் பகுதியில் எத்தனை பைட் வந்தது என்ற எண் திரும்பும். தோல்வி என்றால் மைனஸ் 1. சுழியம் திரும்பினால் அது தோல்வி அல்ல. தரவே இல்லாமல் வகை எண் மட்டும் உள்ள செய்தியை அனுப்பலாம், அது வந்திருக்கிறது. ஆகவே சுழியத்தைவிடப் பெரியதா என்று பார்க்காமல், மைனஸ் 1-ஆ என்று பாருங்கள். திரும்பும் மதிப்பைக் குறியுள்ள எண் வகை மாறியில்தான் வாங்க வேண்டும். குறியற்ற மாறியில் வாங்கிவிட்டு சுழியத்தைவிடச் சிறியதா என்று கேட்டால் அந்த நிபந்தனை ஒருநாளும் உண்மையாகாது.

வந்த பைட் எண்ணிக்கை எதற்கு? சரத்தை முடித்து வைக்க. அனுப்பியவர் ஸ்ட்ர்லென் ஃபங்ஷன் சொல்லும் அளவை மட்டும் கொடுத்து அனுப்பியிருந்தால் கடைசியில் இருக்க வேண்டிய சுழியப் பைட் வந்திருக்காது. முந்தைய செய்தி நீளமாக இருந்து, அதே ஸ்ட்ரக்சரை நீங்கள் மறுபடி பயன்படுத்தினால், புதிய சிறிய செய்திக்குப் பின்னால் பழைய செய்தியின் வால் ஒட்டிக்கொண்டு அச்சாகும். அனுப்புபவரை நம்பாமல் வாங்கும் பக்கத்திலேயே கட்டிப்போடுவது நல்லது. 100 பைட் அணி என்றால் அளவாக 99 கொடுங்கள், வந்த எண்ணிக்கை எவ்வளவோ அந்த இடத்தில் சுழியப் பைட்டை வையுங்கள். அனுப்பும் பக்கமும் அந்த 99-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் மேலே பார்த்த ஈ2பிக் வந்துவிடும்.

தோல்விகளில் இரண்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று ஈஇண்டர். காத்திருக்கும்போது ஒரு சிக்னல் வந்து, அதற்கு நீங்கள் எழுதிய ஃபங்ஷன் ஓடி முடிந்தால், அழைப்பு இந்தப் பிழையோடு திரும்பிவிடும். ரீட் போன்ற அழைப்புகளைச் சிக்னலுக்குப் பிறகு கர்னலே மீண்டும் தொடங்கும்படி ஒரு கொடி வைக்கலாம், அது பலருக்குத் தெரியும். லினக்ஸில் எம்எஸ்ஜிஆர்சிவிக்கு அந்தக் கொடி வேலை செய்யாது. எனவே ஈஇண்டர் வந்தால் மறுபடி அழை என்று நீங்களேதான் எழுத வேண்டும். நிறுத்தச் சொல்லித்தான் சிக்னல் வந்தது என்றால் சுழற்சியை விட்டு வெளியேற வேண்டும், அது வேறு கதை.

இன்னொன்று ஈஐடிஆர்எம். நீங்கள் காத்திருக்கும்போதே வேறு யாரோ கியூவை அழித்துவிட்டார்கள் என்று அர்த்தம். மறுபடி அழைத்துப் பயனில்லை.

கேட்டவருக்கே பதில்

வகை எண்ணை வைத்துச் செய்யும் ஒரு பழைய உத்தி இது. பல நிரல்கள் ஒரு சேவை நிரலிடம் கேள்வி கேட்கின்றன. கேள்விகள் எல்லாம் வகை 1. கேட்கும் நிரல் தன் புராசஸ் எண்ணைச் (ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் கர்னல் தரும் எண்) செய்தியின் தரவுப் பகுதியில் எழுதி அனுப்பும். சேவை நிரல் பதில் அனுப்பும்போது அந்தப் புராசஸ் எண்ணையே வகை எண்ணாக வைக்கும். கேட்ட நிரல் தன் புராசஸ் எண்ணை நான்காவது மதிப்பாகக் கொடுத்துக் காத்திருந்தால் தனக்கான பதில் மட்டும் வரும். சாதாரண புராசஸ் எண் 1 ஆக இருக்காது என்பதால் கேள்வியோடு மோதாது. கன்டெய்னருக்குள் ஓட்டுபவர்கள் மட்டும் இங்கே ஒரு கணம் நிற்க வேண்டும், அங்கே நம் நிரலே 1 என்ற எண்ணோடு ஓடலாம்.

அழகான உத்திதான், ஆனால் கேள்விக்கும் பதிலுக்கும் ஒரே கியூவைப் பயன்படுத்தினால் ஒருநாள் மாட்டிக்கொள்வீர்கள். கேள்விகள் குவிந்து கியூ நிரம்பிவிட்டது என்று வையுங்கள். சேவை நிரல் ஒரு கேள்வியை எடுக்கிறது. காலியான அந்த இடத்தை அதற்குள் இன்னொரு கேள்வி பிடித்துவிடுகிறது. பதில் போட இடமில்லாமல் சேவை நிரல் தூங்கப் போகிறது. கேட்டவர்கள் பதிலுக்காகவோ அடுத்த கேள்வியைப் போட இடத்துக்காகவோ தூங்குகிறார்கள். எல்லோரும் தூங்கிவிட்டால் எழுப்ப ஆளில்லை. கேள்விக்கு ஒன்று, பதிலுக்கு ஒன்று என்று இரண்டு கியூ வைத்தால் இந்த முட்டுச்சந்து வராது. அப்போதும், பதில் வருவதற்குள் கேட்ட நிரல் இறந்துபோனால் அதன் பதில் எடுப்பாரற்றுக் கிடந்து இடத்தை அடைக்கும். பின்னாளில் அதே புராசஸ் எண் வேறொரு நிரலுக்குக் கிடைத்தால் பழைய பதில் அதன் கைக்குப் போகும். கேள்வியோடு ஒரு வரிசை எண்ணையும் சேர்த்து அனுப்பி, பதிலில் அதே எண் இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல பாதுகாப்பு.

கண்ணால் பார்க்க

கியூவில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் நிரலுக்குள்ளேயே தேடிக்கொண்டிருப்பது வீண். டெர்மினலில் ஐபிசிஎஸ் என்ற கட்டளையைக் கியூ என்ற ஒற்றை எழுத்துத் தேர்வோடு ஓட்டினால், உள்ள கியூக்கள் எல்லாம் வரும். சாவி, அடையாள எண், உரிமையாளர், அனுமதி, எத்தனை பைட் நிறைந்திருக்கிறது, எத்தனை செய்திகள் என்று ஒரு வரியில் தெரியும். அனுப்பும் நிரலை மட்டும் இரண்டு மூன்று முறை ஓட்டிவிட்டு இதைப் பாருங்கள். செய்தி எண்ணிக்கை ஏறியிருக்கும். அப்புறம் வாங்கும் நிரலை ஓட்டினால் குறையும். எண்ணிக்கை ஏறவே இல்லையென்றால் சிக்கல் அனுப்பும் பக்கம். ஏறி, இறங்காவிட்டால் வகை எண்ணோ அளவோ பொருந்தவில்லை. ஒரே மாதிரி இரண்டு கியூக்கள் வேறு வேறு சாவியோடு தெரிந்தால், இரண்டு நிரல்களும் எஃப்டோக்குக்குக் கொடுத்த பாதையோ எண்ணோ வேறாக இருக்கலாம், அல்லது நடுவில் அந்தக் கோப்பு அழிந்து மறுபடி உருவாகியிருக்கலாம்.

வேலை முடிந்ததும் கியூவை அழிக்க வேண்டும். நிரலுக்குள் என்றால் எம்எஸ்ஜிசிடிஎல் ஃபங்ஷனுக்கு ஐபிசி_ஆர்எம்ஐடி கொடுத்து அழிக்கலாம். டெர்மினலில் என்றால் ஐபிசிஆர்எம் கட்டளை. அழிப்பது உடனே நடக்கும். உள்ளே இருந்த செய்திகளும் அத்தோடு போகும். அனுப்பும் நிரல் தன் கடைசிச் செய்தியைப் போட்ட கையோடு கியூவை அழித்துவிட்டால் வாங்குபவருக்கு அந்தச் செய்தி கிடைக்காமலே போகலாம். ஆகவே அழிக்கும் பொறுப்பை வாங்கும் நிரலிடம் கொடுங்கள். இனி செய்தி இல்லை என்பதைச் சொல்ல ஒரு வகை எண்ணை ஒதுக்கி, அது வந்ததும் வாங்கும் நிரல் கியூவை அழிக்கட்டும். ஆனால் அந்த வகை எண் சிறியதாக இருந்து, நீங்கள் எதிர்ம எண் கொடுத்து எடுக்கிறீர்கள் என்றால், நிறுத்து என்ற செய்தி மற்றவற்றை முந்திக்கொண்டு வந்துவிடும். மிச்சமிருக்கும் வேலைகளை முடித்துவிட்டு நிற்க வேண்டுமென்றால் அதற்குப் பெரிய எண்ணையே கொடுக்க வேண்டும்.

போசிக்ஸ் கியூ

இதில் சாவி எண் இல்லை. சாய்கோட்டில் தொடங்கும் ஒரு பெயரால் கியூவைத் திறக்கிறோம். எடுக்கும் ஃபங்ஷன் எம்க்யூ_ரிசீவ். எதை எடுப்பது என்று நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. முன்னுரிமை எண் அதிகமானது எப்போதும் முதலில் வரும், சமமானவற்றில் பழையது முதலில். சிஸ்டம் ஃபைவில் -3 கொடுத்தபோது சிறிய எண் முதலில் வந்தது, இங்கே பெரிய எண் முதலில் என்பதால், பழைய நிரலை மாற்றி எழுதுபவர்கள் எண்களைத் தலைகீழாக்க வேண்டியிருக்கும். ஒரு குறிப்பிட்ட நேரம்வரை மட்டும் காத்திருக்கும் வடிவமும் உண்டு. அதற்குக் கொடுப்பது எத்தனை விநாடி என்பதை அல்ல, எந்த நேரம்வரை என்பதை. லினக்ஸில் இந்தக் கியூவை ‘போல்’ என்ற அழைப்போடும் சேர்த்துப் பயன்படுத்தலாம்.

அளவு விஷயத்தில் மட்டும் இது வேறுவிதமாக அடம்பிடிக்கும். உங்களுக்கு வரப்போவது 20 பைட் செய்தி என்று நிச்சயமாகத் தெரிந்தாலும், கியூவை உருவாக்கும்போது ஒரு செய்திக்கு எவ்வளவு என்று வைத்தார்களோ அந்த முழு அளவுக்கும் பஃபர் கொடுக்க வேண்டும். லினக்ஸில் எதுவும் சொல்லாமல் உருவாக்கினால் வழக்கமாக அது 8192 பைட், செய்தி எண்ணிக்கை 10. 100 பைட் பஃபரைக் கொடுத்துவிட்டு ஏன் எப்போதும் தோற்கிறது என்று தேடுவது போசிக்ஸ் கியூவில் பலருக்கும் முதல் நாள் அனுபவம். முதலில் எம்க்யூ_கெட்அட்டர் அழைத்து அளவைக் கேட்டுக்கொண்டு, அதற்கேற்ப மாலாக் போட்டு பஃபரை ஒதுக்கினால் சரியாகிவிடும்.